அக்கா எடுத்த டோக்கன்

அந்தத் தெருவுக்குள் நுழைந்து டாக்டரின் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவரும் வழி சொல்ல மாட்டார்கள். "வேற என்ன டாக்டர் எங்க இருக்காரு?" என்று கேளுங்கள். சலவைக்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலேயே முகவாயால் காட்டுவார். சலவைக்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் செருகி வைத்த மாதிரி இரண்டு அறை. முன் அறையில் பெஞ்சு, எடை பார்க்கும் மெஷின், அக்காவின் மேஜை. பின் அறையில் டாக்டர். அவ்வளவுதான் கிளினிக்.

பட்டப்பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் மருந்துச் சீட்டு எழுதி முடித்ததும் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொள்வார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "வேற என்ன?" என்று கேட்பார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். அந்த வாய் மூடல் இருக்கிறதே, அதுதான் அவருடைய வைத்தியம். இருமலுக்கு வந்தவர் "வேற ஒண்ணுமில்ல டாக்டர்" என்று எழுந்து போய், கதவில் கையை வைத்தபடி, "மாடிப்படி ஏறினா நெஞ்சை அமுக்குது, அது வயசுதானே?" என்பார். காதுக்குள் குறுகுறுக்கிறது என்று வந்த பெண் அதே கதவருகில் நின்று அழ ஆரம்பிப்பாள். பல மாதமாகத் தூக்கமே இல்லை என்பது அப்போதுதான் வெளியே வரும். டாக்டர் சலித்துக்கொள்ளவே மாட்டார். "வாங்க, உக்காருங்க, முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்" என்பார்.

ஆரம்பத்தில் அவரும் பெரிய ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்த்தார். அங்கே ஈரலுக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர், மூக்குக்கு ஒருவர். "முழு ஆளை யாருய்யா பாக்குறது?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று யாராவது வாயைப் பிடுங்கினால், "எனக்கு டோக்கன் வரல" என்பார்.

டோக்கன் கொடுப்பது அக்காவின் வேலை. கூடப் பிறந்த அக்கா. பஸ் நிலையத்து டிக்கெட் கவுண்டரில் காலமெல்லாம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்பவனுக்குக் கேட்க வேண்டும் என்று வளர்த்த குரல், ஓய்வு பெற்ற பிறகும் இறங்கவில்லை. தகர டப்பாவில் எண் போட்ட பிளாஸ்டிக் வில்லைகளை வைத்திருப்பாள். வில்லை இல்லாமல் உள்ளே போக யாருக்கும் வழியில்லை. "எனக்கு டாக்டரைத் தெரியும்" என்று ஒருவர் சொன்னால், "எனக்கு அவனை டவுசர் போட்ட நாள்லேர்ந்து தெரியும். உக்காருங்க" என்பாள். அதோடு பேச்சு முடிந்தது.

ஆனால் அந்த வரிசையை உடைக்கும் உரிமை அவளுக்கு மட்டும் உண்டு. கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வரும்போதே அவள் முகத்தைப் பார்த்துவிடுவாள். அடுத்த நொடி உள் அறைக்குள் தலையை நீட்டி, "பச்சை சட்டைக்காரர் முகம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கு, முதல்ல அவரைப் பாரு" என்பாள். வைத்தியப் படிப்பு ஒன்றும் கிடையாது, வெறும் பழக்கம். சில தடவை தவறியும் போகும். சாம்பல் முகத்துக்காரர் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு நேரே வந்தவராக இருப்பார். ஆனாலும் டாக்டர் எழுந்து வந்து பார்ப்பார். அக்காவின் கண் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

காலையில் கிளினிக்குக்கு அவர்கள் வருவதைப் பார்க்கத் தெருவே காத்திருக்கும். அக்கா நீல ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வருவாள். பின்னால் டாக்டர், மருந்துப் பையை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். ஒரே ஒரு தடவை அவர் ஓட்டிப் பார்த்தார். வண்டி நேராகச் சலவைக்கடைக்குள் போய், மடித்து வைத்திருந்த துணிகளைச் சாய்த்துவிட்டுத்தான் நின்றது. அன்றோடு அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை. அக்காவின் வீட்டு மாடியில்தான் அவர் குடித்தனம். கீழே அக்காவும் அவள் கணவரும். அந்த மாமா சாதுவான மனிதர், குரலை உயர்த்துகிற வேலையை மனைவியிடம் முழுதாக ஒப்படைத்துவிட்டவர்.

அந்தப் பகுதியில் கிளினிக் வைத்திருக்கும் குடும்ப டாக்டர்கள் மாதம் ஒருமுறை பேக்கரியின் மாடியில் கூடுவார்கள். தினம் தினம் வரும் சாதாரண நோய்களுக்கு நடுவே எதைத் தவற விடக்கூடாது என்று ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். அந்த மழைக்காலத்தில் நம்ம டாக்டர் பேச வேண்டிய முறை. தலைவலியைப் பற்றிப் பேசினார். நன்றாகவே பேசினார்.

"தலைவலின்னா நாம எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு மாத்திரை குடுக்குறோம். பெரும்பாலும் சரியாவும் போயிடுது. ஆனா அம்பது வயசைத் தாண்டினவங்களுக்குப் புதுசா ஒரு தலைவலி வந்தா கொஞ்சம் நில்லுங்க. சீப்பு பட்டா வலிக்குதா, மெல்லும்போது தாடை ஓஞ்சு போகுதா, காலைல தோள் இறுகிப் போயிருக்கா, கண்ணு எப்பவாவது மங்குச்சான்னு கேளுங்க. நெத்திப்பொட்டுல ஓடுற ரத்தக்குழாய் வீங்கியிருந்தா இப்படி வரும். அதே வீக்கம் கண்ணுக்குப் போற குழாய்க்கும் வந்தா பார்வை போயிடும். போனது திரும்பாது. சந்தேகம் பலமா இருந்தா ரிப்போர்ட் வரட்டும்னு உக்காந்திருக்காதீங்க, அன்னைக்கே ஸ்டீராய்டை ஆரம்பிச்சுட்டு ஆளை அனுப்புங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். அக்கா பின்னால் நின்று, பேக்கரிக்காரர் அனுப்பிய பிஸ்கட்டைத் தட்டுகளில் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். பேச்சு அவள் காதில் விழவில்லை. பிஸ்கட் உடைந்திருக்கிறது என்ற கவலை அவளுக்கு.

இப்போது கேளுங்கள் கூத்தை. அதற்கு அடுத்த வாரம் ஒரு காலையில் வண்டியை எடுக்கும்போது அக்கா சொன்னாள்: "தம்பி, காலைல கையைத் தூக்கவே முடியலடா. ஹெல்மெட்டை உங்க மாமாதான் மாட்டி விடுறாரு."

"இந்த வயசுல தினம் வண்டி ஓட்டினா தோள் சும்மா இருக்குமா? சுடுதண்ணி ஒத்தடம் குடு" என்றார் டாக்டர், ஏறி உட்கார்ந்துகொண்டே.

இன்னொரு நாள் இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் எட்டிப் பார்த்து, "நெத்திப்பொட்டு விண்ணு விண்ணுனு தெறிக்குது" என்றாள். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை. இழுப்பறையைத் திறந்து மாத்திரை அட்டையை நீட்டினார். தலை வாரும்போது சீப்பு பட்டாலே வலிக்கிறது என்று மாடிப்படியில் நின்று சொன்னாள். "சீப்பை மாத்து" என்றார். ரொட்டியை மென்றால் பாதியில் தாடை களைத்துப் போகிறது என்று சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். "பல் டாக்டரைப் போய்ப் பாரு, எத்தனை வருஷமாச்சு" என்றார்.

உங்களுக்குத் தெரிகிறது. எனக்குத் தெரிகிறது. பேக்கரி மாடியில் கை தட்டிய யாரிடம் சொல்லியிருந்தாலும் தெரிந்திருக்கும். அவருக்குத் தெரியவில்லை! ஏனென்றால் அக்கா உட்கார்ந்து சொல்லவில்லை. வண்டியில் ஒன்று, படியில் ஒன்று, தட்டுக்கு முன்னால் ஒன்று என்று தவணை தவணையாகச் சொன்னாள். அவரும் அந்தந்த இடத்திலேயே ஒரு பதிலைச் சொல்லிக் கடனைத் தீர்த்துக்கொண்டார். ஒவ்வொரு பதிலும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஒரு நாற்காலி வேண்டும், ஒரு பேனா மூடி வேண்டும், "வேற என்ன?" வேண்டும். தெருவில் போகிற எல்லாருக்கும் கிடைக்கிற அந்தக் கேள்வி சொந்த அக்காவுக்குக் கிடைக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஒரு நாள் கிளினிக்குக்குப் போகும் வழியில், பள்ளிக்கூடச் சுவர் ஓரமாக அக்கா திடீரென்று வண்டியை நிறுத்தினாள்.

"என்னக்கா?"

"கண்ணுல தூசி" என்று இடது கண்ணைக் கசக்கினாள்.

டாக்டர் பின்னால் உட்கார்ந்து யாருடைய ரத்தப் பரிசோதனை முடிவையோ போனில் பார்த்துக்கொண்டிருந்தார். "ம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து வண்டி கிளம்பியது. கிளம்ப ஏன் அவ்வளவு நேரமாயிற்று என்று அவர் கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் வீட்டில் ஒரு பேச்சு நடந்திருக்கிறது. பின்னால்தான் டாக்டருக்கே தெரியும். தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்த அக்காவிடம் மாமா, "உன் தம்பிகிட்ட சொல்லக்கூடாதா?" என்று கேட்டிருக்கிறார்.

"சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். அவன் காது குடுத்தாத்தானே!"

"அப்ப நீயும் எல்லாரையும் மாதிரி டோக்கன் எடு" என்று மாமா விளையாட்டுக்குச் சொன்னார். அக்கா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை கிளினிக்கில் நல்ல கூட்டம். மழைக் காய்ச்சல், பெஞ்சில் இடமில்லை. டாக்டர் மணி அடித்தார். கதவு திறந்தது. அக்கா வந்தாள்.

"என்னக்கா, டீ வந்துடுச்சா?"

அக்கா மேஜை மேல் ஒரு வில்லையை வைத்தாள்.

"இது யாருது?"

"என்னுது."

டாக்டர் சிரித்தார். "வீட்டுல சொன்னா பாக்க மாட்டேனா? வெளிய அவ்வளவு பேர் உக்காந்திருக்காங்க, இப்ப போய் விளையாடுறியே."

"வீட்டுல சொன்னேன். வண்டில சொன்னேன். படியில நின்னு சொன்னேன். நீ 'ம்'னு சொன்ன, சீப்பை மாத்துன்னு சொன்ன. வெளிய இருக்கிற எல்லார்கூடயும் நானும் பெஞ்சுல உக்காந்து, என் முறை வந்தப்புறம்தான் உள்ள வந்திருக்கேன். இப்ப நான் உன் அக்கா இல்ல, பேஷன்ட். 'நீங்க'ன்னு கூப்பிடு."

"அப்ப வெளிய யாரு கூப்பிடுறாங்க?"

"பேக்கரிக்காரரை உக்கார வச்சிருக்கேன்."

வெளியே பேக்கரிக்காரரின் குரல், ரொட்டி விற்கிற அதே ராகத்தில், "யாரும் எந்திரிக்காதீங்க, யாரும் எந்திரிக்காதீங்க" என்று கேட்டது. பிரஷர் பார்த்துக்கொள்ள வந்தவர், பாவம், அக்காவின் நாற்காலியில் மாட்டிக்கொண்டார்.

டாக்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சரி, அவள் ஆசையைக் கெடுப்பானேன் என்று முகத்தைப் பெரிய டாக்டர் மாதிரி வைத்துக்கொண்டு, "உக்காருங்க. சொல்லுங்க, என்ன பண்ணுது?" என்றார்.

விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த வாக்கியத்துக்கு என்ன பழக்கமோ, சொன்னதுமே அவருடைய நாற்காலி நோயாளியின் பக்கம் திரும்பியது. போனைக் கவிழ்த்து வைத்தார். அக்கா பேச ஆரம்பித்தாள். தோள், தலை, சீப்பு, தாடை. காய்ச்சல் மாதிரி உடம்பு கனக்கிறது, ஆனால் காய்ச்சல் இல்லை. உடம்பு இளைத்து ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில், டிக்கெட் கவுண்டரில் ஊர்களின் பெயரைச் சொல்வது போல வரிசையாகச் சொன்னாள்.

பாதியிலேயே டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. பேக்கரி மாடியில் தான் பேசியதைத் தானே திரும்பக் கேட்கிற மாதிரி இருந்தது. பிஸ்கட் தட்டோடு பின்னால் நின்றவள் இப்போது எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் பாக்கி. நேரடியாகக் கண்ணைப் பற்றிக் கேட்டிருக்கலாம். நாக்கு எழவில்லை. பழக்கம்தான் கை கொடுத்தது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்தினார், சாய்ந்துகொண்டார்.

"வேற என்ன?"

"வேற ஒண்ணுமில்ல. கொஞ்சம் நல்ல மாத்திரையா எழுதிக் குடுங்க" என்று அக்கா எழுந்தாள். கதவு வரை போனாள். கைப்பிடியில் கையை வைத்தாள். டாக்டர் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட மாட்டாளா என்று இருந்தது. சொல்லாமல் போய்விடுவாளோ என்றும் இருந்தது.

அக்கா திரும்பினாள். "அன்னைக்கு வண்டியை நிறுத்தினேன்ல, அது தூசி இல்லடா. இடது கண்ணுல மேலேர்ந்து கடை ஷட்டரை இறக்கின மாதிரி இருட்டிக்கிட்டு வந்துச்சு. கொஞ்ச நேரத்துல தானா சரியாப் போச்சு. நேத்து சாயங்காலமும் வந்துச்சு. உங்கிட்ட சொன்னா வண்டி ஓட்ட விட மாட்டியேன்னுதான் சொல்லல."

"அக்கா, உக்காரு" என்றார் டாக்டர்.

அவளுடைய நெற்றிப்பொட்டில் விரலை வைத்தார். தலைமுடி ஓரத்தில் ரத்தக்குழாய் தடித்துக் கயிறு மாதிரி நெருடியது. லேசாக அழுத்தியதற்கே அக்கா முகத்தைச் சுளித்தாள். துடிப்பைத் தேடினார். வலது பக்கம் இருந்தது. இடது பக்கம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு இருந்தது. ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, சுவரிலிருந்த எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். இப்போதைக்கு இரண்டு கண்ணிலும் படித்தாள். இப்போதைக்கு!

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மற்றவர்களிடம் "காத்திருக்காதீங்க" என்று மைக்கில் சொல்வது சுலபம். ஸ்டீராய்டு சின்ன மருந்தில்லை. சர்க்கரையைக் கிளப்பும், எலும்பைக் கரைக்கும், வயிற்றைப் புண்ணாக்கும். அந்தக் குடும்பத்தில் சர்க்கரை உண்டு. தன் கணக்கு தப்பாக இருந்தால்? ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டுமே, ஒரு நாள்தானே என்று அவர் மனதிலேயே ஒரு குரல் குழைந்தது. அந்த ஒரு நாளில்தான் கண் போகும் என்று அவருக்குத் தெரியும். ஊசியை எடுத்துப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டார். ஆஸ்துமாக்காரர்களுக்காக அலமாரியில் வைத்திருந்த மாத்திரைகளை எடுத்துக் கை நிறையக் கொட்டினார்.

"இத்தனையுமா? ஒரே வாயிலயா?"

"முழுங்குக்கா. கேள்வியெல்லாம் அப்புறம்."

"இப்ப மட்டும் அக்காவா?" என்றாள். ஆனால் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். ஆயிரம் முகங்களைப் படித்தவளுக்கு அந்த முகத்தைப் படிக்கத் தெரியாதா? மறுபேச்சு பேசாமல் விழுங்கிவிட்டு, மெதுவாகக் கேட்டாள்: "கண்ணு போயிடுமாடா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "போக விடக்கூடாதுன்னுதான் ஓடுறோம்" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரிக் கண் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, வயது, அறிகுறி, கொடுத்த மருந்து எல்லாவற்றையும் சொன்னார். அந்தம்மா இடையில் குறுக்கிடவே இல்லை. "உடனே கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். வெளியே வந்து டாக்டர் விஷயத்தைச் சொன்னதும் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். "நாங்க நாளைக்கு வர்றோம், நீங்க போங்க டாக்டர்." பேக்கரிக்காரர் ரொட்டி வண்டியை எடுக்க ஓடினார்.

அக்கா அசையவில்லை. பெஞ்சின் ஓரத்தைப் பார்த்தபடி, "அந்த ஊதா சால்வைப் பொண்ணு முகம் எனக்குப் பிடிக்கல. வண்டி வர்றதுக்குள்ள அவளைப் பாத்துடு" என்றாள்.

"அக்கா!"

"பாத்துடுன்னா பாத்துடு."

பார்த்தார். காய்ச்சலில் உடம்பில் நீர் வற்றிப்போய் நாடி பறந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணையும் அதே வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். ரொட்டி வாசனைக்கு நடுவே இரண்டு நோயாளிகள், கை கால் ஓடாத ஒரு டாக்டர். வழியெல்லாம் அக்காதான் அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்தாள்.

கண் டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு நரம்பு வழியாக மருந்தை ஏற்ற ஆரம்பித்தார். "சரியான நேரத்துக்கு வந்திருக்கீங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. யாரு பாத்தது?"

"என் தம்பிதான்" என்றாள் அக்கா பெருமையாக. அதோடு விட்டாளா? "டோக்கன் எடுத்ததுக்கப்புறம் பாத்தான்."

டாக்டர் வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்தார். மாமா ஏற்கெனவே அங்கே இருந்தார். எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம். டாக்டர் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு அதைப் பார்த்தார். பிறகு இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டார். இனி அக்கா கதவைப் பார்த்து உட்கார்ந்து யாருடைய முகத்தையும் படிக்க முடியாமல் போனால், அதற்கு ஒரே காரணம் தான்தான் என்று நினைத்தார். அழுகை வந்தது. அழுதார்.

"மாப்ளே, பாத்துட்டல்ல, விடு" என்றார் மாமா.

"எத்தனை தடவை சொன்னா மாமா! நான் ஒரு தடவை உக்கார வச்சிருக்கலாம்."

"எங்கிட்டயும்தான் சொன்னா. நான் ஹெல்மெட்டை மாட்டிவிட்டேன்" என்றார் மாமா.

கண் போகவில்லை. அதை இழுத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. மறுநாளே தலைவலி காணாமல் போயிற்று. அதற்கு அடுத்த நாள் அக்கா கையைத் தலைக்கு மேல் தூக்கித் தானே தலை வாரிக்கொண்டாள். ரத்தப் பரிசோதனையும், நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயிலிருந்து வெட்டிச் சோதித்த சின்னத் துண்டும் டாக்டரின் கணக்கு சரி என்றன. ஷட்டர் மறுபடி இறங்கவில்லை.

அதன் பிறகு வீட்டில் நடந்தது வேறு கூத்து. ஸ்டீராய்டு பசியைக் கிளப்பும், தூக்கத்தைக் கெடுக்கும். அக்கா விடியும் முன்னே எழுந்து சமையலறை அலமாரிகளை எல்லாம் காலி பண்ணிக் கழுவி வைப்பாள். மாமா தேடுகிற எந்தப் பாத்திரமும் பழைய இடத்தில் இருக்காது. வண்டி ஓட்டக்கூடாது என்று கண் டாக்டரம்மா கொஞ்ச காலத்துக்குத் தடை போட்டுவிட்டார். வேறு வழியில்லாமல் டாக்டர் ஸ்கூட்டர் பழகினார். தெருவுக்குப் புதுக் காட்சி கிடைத்தது. டாக்டர் முன்னால், அக்கா பின்னால், "பிரேக்கைப் பிடிடா! அது ஹாரன்டா!" என்ற பஸ் நிலையத்துக் குரல். அவர்கள் வருகிற நேரம் பார்த்துச் சலவைக்கடைக்காரர் துணிகளை உள்ளே நகர்த்தி வைத்துக்கொள்வார்.

பேக்கரி மாடிக் கூட்டத்தில் டாக்டர் மறுபடி பேசினார். நடந்ததை ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டு, "வீட்டு ஆளுங்களுக்கு நின்னுக்கிட்டு வைத்தியம் பாக்காதீங்க. உக்கார வைங்க, இல்ல பக்கத்துல இருக்கிற டாக்டர்கிட்ட அனுப்புங்க" என்றார். இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. பிறகு ஒருவர் எழுந்து, தன் மனைவி ரொம்ப நாளாக இருமுகிறாள் என்றும், நாளைக்கு அவளை இவரிடம் அனுப்புவதாகவும் சொன்னார்.

அக்காவுக்கும் அவர் சொன்ன அதே முறையில்தான் வைத்தியம் நடந்தது. கண்ணைப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டார்கள். சர்க்கரை, பிரஷர், எலும்புக்கு மாத்திரை, இதெல்லாம் பார்க்க அக்கா தம்பியிடம்தான் வருவேன் என்றாள். ஆனால் டோக்கனோடுதான் வருவாள். "மாத்திரையை நீயா நிறுத்திடாதே, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். "'நீங்க'" என்று அவள் திருத்துவாள்.

மழைக்காலம் போய் வெயில் ஏற ஆரம்பித்த ஒரு காலையில், அப்படித்தான் வந்து உட்கார்ந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. மாத்திரையை இன்னும் கொஞ்சம் குறைத்து எழுதினார். மறுநாளிலிருந்து வண்டி ஓட்டலாம் என்று கண் டாக்டரம்மாவும் சொல்லியாயிற்று. டாக்டர் பேனாவை மூடினார்.

"வேற என்ன?"

"வேற ஒண்ணுமில்ல" என்று எழுந்த அக்கா கதவு வரை போனாள். கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு திரும்பினாள். "உங்களுக்கு வேற என்ன, டாக்டர்?"

"எனக்கென்ன? ஒண்ணுமில்ல."

அக்கா போகவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவருடைய வித்தை அது. அவரிடமே திரும்பி வந்து நின்றது. டாக்டர் மேஜையில் கிடந்த வில்லையைப் புரட்டினார், சீட்டுகளை அடுக்கினார், மணியைத் தள்ளி வைத்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"பயந்துட்டேன்க்கா" என்றார் கடைசியில். "இப்பவும் கனவு வருது. நீ இந்தக் கதவைத் திறந்துட்டு வர்ற. என் முகத்தைப் பாக்காம, என் குரல் வர்ற பக்கமாத் திரும்புற. நான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன்."

அக்கா திரும்பி வந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் போய், அவர் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். டிக்கெட் வாங்க வந்தவர்களையும் டோக்கன் வாங்க வந்தவர்களையும் பார்த்த அதே கண்ணால் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சட்டையில ஒரு பொத்தானை மாத்திப் போட்டிருக்க" என்றாள். "காலைலேர்ந்து அப்படியேதான் இருக்கு."

டாக்டர் குனிந்து பார்த்தார். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, காலர் கோணிக்கொண்டு இருந்தது. சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

"காலைலயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ டோக்கன் எடுக்கலையே" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட அக்கா வெளியே போனாள்.